மருந்து விலையும் சுழற்கதவும்

பெருநகரங்களிலுள்ள சில பெரிய ஓட்டல்களின் வாயிலில் சுழற்கதவு ஒன்று அமைத்திருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். நடுவே ஒரு தண்டு. அதைச் சுற்றிக் கண்ணாடிப் பலகைகள். வெளியிலிருந்து ஒருவர் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையும்போதே உள்ளிருந்து மற்றொருவர் வெளியேறிவிடுகிறார். அக்கதவு முழுதும் அடைபட்டதாகவும் சொல்ல இயலாது; திறந்து கிடக்கிறது என்றும் கூற இயலாது. அரசியல் ஆராய்ச்சியாளர் இக்கதவின் பெயரை ஒரு வழக்கத்திற்கு இட்டு வழங்குகின்றனர். தனியார் தொழில் ஒன்றின் சார்பில் அரசாங்கத்திடம் பரிந்து பேசிவந்த ஒருவர், அத்தொழிலையே கண்காணிக்க வேண்டிய இலாகாவில் தலைவராகவோ ஆலோசகராகவோ வந்து அமர்கிறார். சில ஆண்டுகள் சென்றபின் மீண்டும் அத்தொழிலின் பக்கமே போய்ச் சேர்கிறார். சுழற்கதவு என்று சொல்லப்படுவது இதுவே.

போர்த்தளவாடம், பாங்கு, எண்ணெய் முதலிய எல்லாத் துறைகளிலும் இவ்வழக்கம் உண்டு. மருத்துவத் துறையை மட்டும் தனியே எடுத்துப் பேசுவதற்குத் தக்க காரணம் இருக்கிறது. கடைத்தெருவில் கத்தரிக்காய் விலை ஏறினால் நாம் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். நெஞ்சு வலியோடு மருத்துவமனையில் படுத்திருப்பவர் விலை பேசும் நிலையில் இல்லை. மருந்துச் சீட்டில் எழுதியிருக்கும் மருந்தை விட்டு வேறொன்றைக் கேட்கும் அறிவும் அவருக்கு இல்லை. ஆகவே அவருக்காக விலை பேச வேறொருவர் தேவைப்படுகிறார். உலகின் பெரும்பாலான நாடுகளில் அந்தப் பொறுப்பு அரசாங்கத்தின் மேல் விழுந்திருக்கிறது.

தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இது இன்னும் நெருங்கிய விஷயம். சொந்த ஊரிலானால் தெரிந்த டாக்டர் ஒருவர் இருப்பார், கம்பவுண்டரைத் தெரியும், இந்தப் பரிசோதனை வேண்டியதில்லை என்று காதோடு காதாகச் சொல்ல ஒரு மாமாவாவது இருப்பார். தில்லியிலோ மும்பையிலோ, இரவு பத்து மணிக்கு நோயாளியை அழைத்துக்கொண்டு போய் நிற்பவருக்கு அத்தகைய துணை எதுவும் இல்லை. காப்பீட்டு அட்டையும், அந்த அட்டைக்கு அரசாங்கம் விதித்திருக்கும் கட்டணப் பட்டியலுமே துணை. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், தகுதியுடைய குடும்பம் ஒன்றிற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு; ஒரு மாநிலத்து அட்டையை, அத்திட்டத்தில் சேர்ந்துள்ள வேற்று மாநில மருத்துவமனையிலும் காட்டலாம். அத்திட்டத்திற்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் இன்ன தொகை என்று பட்டியல் வெளிவந்த போது, தொகை மிகக் குறைவு என்று தனியார் மருத்துவமனைச் சங்கத்தார் வாதாடினர். அவ்வாறு வாதாடுவதில் தவறொன்றும் இல்லை. அவர்கள் சொன்ன கணக்கில் நியாயமும் இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் எதிரே அமர்ந்து அக்கணக்கைப் பரிசீலிக்கும் மனிதர் நேற்று யாருக்கு வேலை செய்தார், நாளை யாருக்கு வேலை செய்யப் போகிறார் என்பது நமக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா? நாம் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

பரிந்து பேசுவதை ஆங்கில நாட்டார் 'லாபி' என்ற சொல்லால் குறிக்கின்றனர். சட்டசபை மண்டபத்துக்கு வெளியே உள்ள கூடத்திற்கு லாபி என்று பெயர். வெளியார் அந்தக் கூடத்தில் காத்திருந்து, உள்ளே போகும் உறுப்பினர்களைக் கண்டு தம் குறைகளைச் சொல்லி வந்தமையால் அப்பெயர் அச்செயலுக்கே ஆகிவந்தது. குடிமக்கள் தம் குறையை அரசிடம் முறையிடும் உரிமையை அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தமே உறுதி செய்கிறது. ஆகவே லாபி சட்டத்திற்கு உட்பட்டது. பதிவு செய்து கொண்டு, செலவுக் கணக்கையும் காட்டிச் செய்யப்படும் தொழில். நம் நாட்டில் இத்தொழிலை ஒழுங்கு செய்யும் தனிச் சட்டமே கிடையாது. நம்மிடம் லாபி இல்லை என்று இதனால் கருதிவிடக் கூடாது. பதிவேடு இல்லை என்பதே பொருள்.

இவ்வழக்கம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை விளக்க, அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2003-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மருந்துச் சட்டத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டைப் பழிக்கும் நோக்கம் நமக்கில்லை. உள்ளே நடந்தவற்றைப் பற்றிய விசாரணை அறிக்கைகள் வெளியிடப்பட்டு, எவரும் படிக்கும் நிலையில் இருப்பது அந்நாட்டின் நற்பண்புகளுள் ஒன்று. அதனாலேயே அந்த வரலாற்றை நாம் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அமெரிக்காவில் 65 வயது நிறைந்தவர்களுக்காக 'மெடிகேர்' என்னும் அரசாங்கக் காப்பீடு இருக்கிறது. 1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டு அதைத் தொடங்கி வைத்தார். மருத்துவமனைச் செலவையும் டாக்டர் கட்டணத்தையும் அது ஏற்றுக்கொண்டது. ஆனால் வீட்டில் இருந்தபடியே உட்கொள்ளும் மருந்துகளுக்கு அதில் இடமில்லை. அக்காலத்தில் அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் கொழுப்புக்கும் அன்றாடம் மாத்திரை உண்ணும் காலம் வந்தது. விலையும் ஏறியது. பேருந்துகளில் ஏறி எல்லையைக் கடந்து, கானடா நாட்டில் மருந்து வாங்கித் திரும்பிய முதியவர்களின் கதைகள் செய்தித்தாள்களில் வந்தன. அந்தக் குறையைப் போக்கவே 2003-இல் புதிய சட்டம் எழுந்தது. நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை.

அப்போது மெடிகேர் நிர்வாகத்தின் தலைமைப் பதவியில் இருந்தவர் தாமஸ் ஸ்கல்லி என்பவர். 1989 முதல் 1993 வரை வெள்ளை மாளிகையின் வரவு செலவு அலுவலகத்தில் பணி செய்தவர். 1995-இலிருந்து 2001 வரை இலாப நோக்குடைய தனியார் மருத்துவமனைகளின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தார். அதாவது மெடிகேரிடமிருந்து பணம் பெறும் மருத்துவமனைகளுக்காக அரசாங்கத்திடம் வாதாடி வந்தார். 2001-இல் அந்த மெடிகேருக்கே தலைவராக வந்தார். அவர் திறமையற்றவர் என்று எவரும் சொன்னதில்லை. மருத்துவமனைக் கணக்குகளை அவரைப்போல் அறிந்தவர் அந்நகரத்தில் சிலரே இருந்திருப்பர்.

அந்நிர்வாகத்தின் தலைமைக் கணிப்பாளர் ரிச்சர்ட் ஃபாஸ்டர். ஒரு சட்டம் வந்தால் எத்தனை பேர் சேர்வர், எவ்வளவு செலவாகும் என்று கணித்துச் சொல்வது அவர் உத்தியோகம். புதிய மருந்துத் திட்டத்திற்குப் பத்தாண்டுகளில் 40,000 கோடி டாலருக்கு மேல் ஆகக் கூடாது என்பது அன்றைய அரசியல் வரம்பு. அந்த வரம்பைத் தாண்டினால் வாக்களிக்க மாட்டோம் என்று ஆளும் கட்சியிலேயே சிலர் சொல்லியிருந்தனர். சட்டசபையின் வரவு செலவு அலுவலகம் 39,500 கோடி என்று கணக்கிட்டது. ஃபாஸ்டரின் கணக்கோ அதனினும் மிக உயர்ந்து நின்றது. சட்டம் நிறைவேறியபின் 2004 ஜனவரியில் வெளிவந்த தொகை 53,400 கோடி டாலர்.

ஃபாஸ்டரின் கணக்கு 2003-லேயே ஏன் வெளிவரவில்லை? சட்டசபை உறுப்பினர்கள் கேட்டபோது விடை அனுப்ப அவர் ஆயத்தமாகவே இருந்தார். தம் அனுமதியின்றி அனுப்பினால் வேலை போகும் என்று ஸ்கல்லி அவரை எச்சரித்தார். சுகாதார இலாகாவின் உள் விசாரணை அதிகாரி 2004 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டது; ஆயினும் குற்றவியல் சட்டம் எதுவும் மீறப்படவில்லை என்றும் கூறியது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசாங்கத் தணிக்கை அலுவலகம் வேறொரு முடிவுக்கு வந்தது. கீழுள்ள ஊழியர் ஒருவர் சட்டசபைக்குத் தகவல் தருவதைத் தடுக்கும் அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பதற்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாகாது என்று அந்நாட்டில் விதி உண்டு. ஆகவே அத்தடை நடந்த காலத்துக்கு ஸ்கல்லி பெற்ற சம்பளத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்பது அவ்வலுவலகத்தின் கருத்து.

நேர்மையின் பொருட்டு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பிற்காலத்தில் இத்திட்டத்தின் செலவு ஃபாஸ்டரின் கணக்கையும் எட்டவில்லை. சட்டசபை அலுவலகத்தின் கணக்கையும் எட்டவில்லை. காப்புரிமை முடிந்த மருந்துகள் பல மலிவாகக் கிடைத்தமையும், எதிர்பார்த்ததைவிடக் குறைவானோர் சேர்ந்தமையும் அதற்குக் காரணங்கள். ஆனால் வாக்களித்த அன்று இதை எவரும் அறியார். வாக்களிப்போர் கையில் இருந்திருக்க வேண்டிய ஒரு தாள் இல்லாமற் போயிற்று என்பதே இவ்வரலாற்றில் நம்மைத் தைக்கும் பகுதி.

இனி மற்றொரு தாளைக் காண்போம். அந்நாட்டுச் சட்டப்படி, ஓர் அதிகாரி ஏதேனும் நிறுவனத்தோடு தம் அடுத்த வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால், அந்நிறுவனத்தைப் பாதிக்கும் அரசாங்கக் காரியங்களிலிருந்து அவர் விலகிக்கொள்ள வேண்டும். துறைத் தலைவர் விலக்கு அளித்தால் மட்டும் விலக வேண்டுவதில்லை. 2003 மே மாதத்தில் ஸ்கல்லிக்கு அத்தகைய விலக்கு எழுத்து மூலம் அளிக்கப்பட்டது. எனவே புதிய மருந்துச் சட்டம் உருவாகிக்கொண்டிருந்த மாதங்களில், அதன் வாசகங்களைப் பற்றிச் சட்டசபையாருடன் பேசிக்கொண்டே, மருத்துவத் தொழிலாரைக் கட்சிக்காரராக உடைய சட்ட நிறுவனங்களோடும், மருத்துவத் தொழிலில் முதல் போடும் நிறுவனங்களோடும் தம் எதிர்கால வேலையைப் பற்றியும் அவர் பேசி வந்தார். டிசம்பர் 8-ஆம் நாள் ஜனாதிபதி புஷ் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த மாதமே ஸ்கல்லி பதவி விலகி, ஒரு சட்ட நிறுவனத்திலும் ஒரு முதலீட்டு நிறுவனத்திலும் அமர்ந்தார். இவை அனைத்தும் விதிக்கு உட்பட்டே நடந்தன. செய்தி பரவியபின், வெள்ளை மாளிகையைக் கேளாமல் இத்தகைய விலக்கை இலாகாத் தலைவர்கள் அளிக்கலாகாது என்று 2004 ஜனவரியில் ஆணை பிறந்தது.

சட்டம் நிறைவேறிய இரவைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 2003 நவம்பர் 22-ஆம் நாள் விடியற்காலை 3 மணி அளவில் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புத் தொடங்கியது. அச்சபையில் வாக்கெடுப்புக்கு வழக்கமாகப் 15 நிமிடமே அளிப்பர். அன்று ஏறத்தாழ மூன்று மணி நேரம் வாக்குப் பலகையை மூடாமல் வைத்திருந்தனர். முதலில் எதிர்ப்பு வாக்குகளே மிகுந்திருந்தன. உறக்கத்தில் தள்ளாடிய உறுப்பினர்களைத் தலைவர்கள் ஒவ்வொருவராகச் சூழ்ந்து பேசினர். பொழுது புலரும் வேளையில் 220-க்கு 215 என்ற கணக்கில் மசோதா வென்றது. ஓர் உறுப்பினருடைய மகனின் தேர்தலுக்கு ஆதரவு தருவதாகச் சொல்லி அவர் வாக்கை மாற்ற முயன்றதற்காக, பெரும்பான்மைக் கட்சியின் சபைத் தலைவர் டாம் டிலேயை அச்சபையின் ஒழுங்குக் கமிட்டி 2004-இல் கண்டித்தது.

இத்துணைப் பாடுபட்டு நிறைவேற்றிய சட்டத்தில் இருந்தது என்ன? முதியோருக்கு மருந்துக் காப்பீடு 2006 ஜனவரி முதல் கிடைத்தது. அதைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும். அரசாங்கம் பணம் தரும். அவற்றோடு ஒரு சிறு பிரிவும் சேர்ந்திருந்தது. மருந்துக் கம்பெனிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இடையே நடக்கும் விலைப் பேச்சில் சுகாதார அமைச்சர் தலையிடலாகாது என்பது அப்பிரிவின் சாரம். நான்கு கோடிப் பேர் அளவில் உறுப்பினராகவுள்ள ஒரு காப்பீடு, உலகிலேயே மிகப் பெரிய மருந்து வாங்கிகளுள் ஒன்று, தன் வாயைத் தானே கட்டிக்கொண்டது. அதே அரசாங்கத்தின் முன்னாள் படைவீரர் இலாகா, தன் மருத்துவமனைகளுக்கு மருந்துக் கம்பெனிகளோடு நேரே விலை பேசி மலிவாக வாங்கி வந்தது. ஒரே நகரத்தில், ஒரே கம்பெனியின் ஒரே மாத்திரையை, படைவீரர் ஒரு விலைக்கும் மெடிகேர் முதியவர் மற்றொரு விலைக்கும் பெறும் நிலை உண்டாயிற்று.

இத்தடைக்கு ஆதரவாகவும் வாதம் உண்டு. அரசாங்கம் விலையை அழுத்தினால் புதிய மருந்தைக் கண்டுபிடிக்க முதல் போடுவோர் தயங்குவர் என்று கம்பெனிகள் கூறுகின்றன. அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடக் கூடாது. நீண்ட காலம் ஆராய்ந்து தோல்வியில் முடியும் மருந்துகள் பல. ஆனால் அவ்வாதத்தை எடைபோட்டவர்கள் யாவர் என்பதை நாம் பார்க்கத்தான் வேண்டும்.

அவருள் முதன்மையானவர் லூயிசியானா மாநிலத்துப் பிரதிநிதி பில்லி டாசின். மருந்துத் தொழில் தொடர்பான மசோதாக்களைப் பரிசீலிக்கும் எரிசக்தி-வாணிபக் கமிட்டிக்கு 2001 முதல் 2004 பிப்ரவரி வரை தலைவராக இருந்தவர். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். மீண்டும் தேர்தலுக்கு நிற்காமல் விலகி, 2005 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கம்பெனிகளின் சங்கத்திற்குத் தலைவராக அமர்ந்தார். ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் என்று செய்தித்தாள்கள் எழுதின.

இதைக் கேட்டவுடன் கதை தெளிவாகிவிட்டது என்று நேயர்கள் எண்ணலாம். அவ்வளவு எளிதன்று. 2004-இல் டாசின் கடும் புற்றுநோய்க்கு ஆளானார். அறுவைச் சிகிச்சை செய்தும் நோய் நீங்கவில்லை. அப்போது புதிதாக வந்திருந்த மருந்து ஒன்றே தம் உயிரைக் காத்தது என்றும், அத்தகைய மருந்துகளைத் தருவோருக்குத் துணை நிற்கவே அச்சங்கத்தின் பொறுப்பை ஏற்றதாகவும் அவர் கூறினார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். மரணத்தின் வாயிலைக் கண்டு மீண்ட மனிதர் பேச்சை ஐயுறுவது பண்பாகாது. எனினும், அவர் உள்ளத்தில் இருந்தது எதுவாயினும், அவர் தலைமையில் சட்டம் செய்த கமிட்டியின் கதவும் அச்சங்கத்தின் கதவும் ஓராண்டு இடைவெளியில் அவருக்குத் திறந்தன என்பது பொதுமக்கள் கண்ட காட்சி. இலஞ்சம் என்று சொல்லச் சான்று எதுவும் வேண்டுவதில்லை. இலஞ்சம் நடக்கவே இல்லை என்று கொண்டாலும் நம்பிக்கை குறைந்துவிடுகிறது. கமிட்டியில் இன்னும் அமர்ந்திருக்கும் பிற உறுப்பினர்களும் அந்த நாற்காலியைக் கண்டுகொண்டனர் என்பது அதனினும் கவலைக்குரியது.

2008-ஆம் ஆண்டுத் தேர்தலில் பராக் ஒபாமா இச்செய்தியையே ஒரு விளம்பரப் படமாக்கினார்.  தேர்தலில் வென்று ஜனாதிபதியும் ஆனார். 2009-இல் அவருடைய புதிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்திற்கு மருந்துக் கம்பெனிகளின் ஆதரவு தேவைப்பட்டது. பேச்சு வார்த்தைக்கு வெள்ளை மாளிகைக்கு வந்தவர் அதே டாசின். பத்தாண்டில் 8,000 கோடி டாலர் அளவுக்கு விட்டுக்கொடுப்பதாக மருந்துச் சங்கம் இசைந்தது. 2010 மார்ச்சில் நிறைவேறிய சட்டத்தில், விலைப் பேச்சில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்ற பழைய பிரிவு கை படாமல் நின்றது.

அந்த 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியதில் பெரும் பங்கு கொண்ட ஓர் அம்மையாரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எலிசபெத் ஃபௌலர் என்பது அவர் பெயர். செனட் சபையின் நிதிக் கமிட்டியில் ஆலோசகராக இருந்தார். பிறகு வெல்பாயின்ட் என்னும் பெருங்காப்பீட்டு நிறுவனத்தில் உயர் அதிகாரியானார். 2008-இல் நிதிக் கமிட்டிக்குத் திரும்பி வந்து சட்டம் எழுதினார். சட்டம் நிறைவேறியபின் அதை நடைமுறைப்படுத்த அரசாங்கத்தில் சேர்ந்தார். பின்னர் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்திற்குச் சென்றார். 2021-இல் மீண்டும் மெடிகேர் நிர்வாகத்தில் ஒரு பிரிவின் தலைவராக வந்தார். இத்தனை முறை கதவு சுழன்றதைக் கண்டு கண்டித்தோர் பலர். அவரை ஒதுக்கிவிட்டு அத்துணைச் சிக்கலான சட்டத்தை எழுதக்கூடியவர் எத்தனை பேர் என்று கேட்டவர்களும் உண்டு. இக்கேள்வி பொருளற்றதன்று. காப்பீட்டுத் தொழிலின் தந்திரங்களை அத்தொழிலில் இருந்தவரைத் தவிர வேறு யார் அறிவார்? வாழ்நாள் முழுதும் அலுவலகக் கோப்புகளை மட்டும் பார்த்த அதிகாரி, மருத்துவமனைப் பில்லில் எந்த வரியில் இலாபம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம்.

இங்கிலாந்தில் இதற்கு இன்னும் வியப்பான சான்று கிடைக்கிறது. சைமன் ஸ்டீவன்ஸ் என்பவர் பிரதம மந்திரி டோனி பிளேருக்கு மருத்துவ ஆலோசகராக இருந்துவிட்டு, 2004-இல் அமெரிக்கத் தனியார் காப்பீட்டு நிறுவனமான யுனைடெட் ஹெல்த்தில் சேர்ந்தார். பத்தாண்டு கழித்து 2014-இல் இங்கிலாந்தின் தேசிய மருத்துவப் பணிக்கே நிர்வாகத் தலைவரானார். அதைத் தனியாருக்கு விற்றுவிடுவார் என்று பலர் அஞ்சினர். ஆனால், மருத்துவப் பணிகளைப் போட்டிக்கு விட்டாக வேண்டும் என்று வற்புறுத்திய 2012-ஆம் ஆண்டு விதியை நீக்கும்படி அவர் தலைமையிலான நிர்வாகமே 2019-இல் கேட்டது. 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்விதி நீக்கவும் பட்டது. எங்கிருந்து வந்தார் என்பதை மட்டும் கொண்டு ஒருவரைத் தீர்த்துவிட முடியாது என்பதற்கு இதைக் காட்டலாம். நம் கருத்தில், வருகின்ற வழியைக் காட்டிலும் போகின்ற வழியே அதிகக் காவல் வேண்டுவது. பழைய எஜமானருக்கு நன்றி காட்டுவதை ஒருவர் மறந்தாலும் மறக்கலாம். நாளைய எஜமானரின் மனம் கோணாமல் நடக்க வேண்டும் என்ற எண்ணம் எளிதில் மறவாது.

அந்த வழிக்குத்தான் பல நாடுகள் காத்திருப்புக் காலம் விதித்திருக்கின்றன. அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபையிலிருந்து விலகியவர் ஓராண்டுக் காலம் தம் பழைய சகாக்களிடம் சென்று பரிந்து பேசக் கூடாது. செனட் உறுப்பினருக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அதை இரண்டாண்டாக்கியது. ஆனால் அக்காலத்தில் அத்தொழிலின் சங்கத்தில் அமர்ந்து சம்பளம் வாங்குவதற்குத் தடையில்லை. தாமே நேரில் போகாமல், யாரைப் பார்க்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று மற்றவருக்கு வழி சொல்லலாம். ஒரு கட்சிக்காரருக்கு உழைக்கும் நேரத்தில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாகப் பரிந்து பேசுவோர் பதிவு செய்துகொள்ள வேண்டுவதும் இல்லை. ஆகவே ஆலோசகர் என்ற பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டவர் பலர்.

மருந்து விலைத் தடை கடைசியில் என்ன ஆயிற்று? பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்ட சட்டம், சில மருந்துகளுக்கு மட்டும் மெடிகேர் நேரே விலை பேசலாம் என்று அனுமதித்தது. போட்டி மருந்து இல்லாமல் பல ஆண்டுகளாகச் சந்தையில் இருப்பவற்றில் முதலில் பத்து மருந்துகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பேசி முடித்த விலைகள் 2024 ஆகஸ்டில் வெளியாயின. 2026 ஜனவரி முதல் நாள் அவை நடைமுறைக்கு வருவதாகச் சட்டம் வகுத்தது. நீரிழிவுக்கு உண்ணும் ஜானுவியா மாத்திரை முப்பது நாளுக்குப் பட்டியல் விலைப்படி 527 டாலராக இருந்தது. பேசிய விலை 113 டாலர். இரத்தம் உறைவதைத் தடுக்கும் எலிகுவிஸ் 521 டாலரிலிருந்து 231 ஆயிற்று. பட்டியல் விலையில் முன்பே தள்ளுபடிகள் உண்டாகையால் குறைந்தது முழுதும் இந்தச் சட்டத்தால் என்று கூறலாகாது. ஆயினும் பேசினால் குறையும் என்பது தெரிந்துவிட்டது. இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனை முதியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளுக்கு வைத்துக்கொண்டார்களோ!

நம் நாட்டுக்குத் திரும்புவோம். இங்கே உயர்தர மத்திய அரசாங்க அதிகாரி ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் தனியார் வாணிப நிறுவனத்தில் சேர வேண்டுமானால் முன் அனுமதி பெற வேண்டும். பதவி விலகிய அமைச்சருக்கோ பாராளுமன்ற உறுப்பினருக்கோ இத்தகைய காத்திருப்புக் காலத்தை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை.

மருத்துவத்தில் சற்றுக் கடுமையான விதி ஒன்று உண்டு. தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் பெற்றிருந்த பழைய மருத்துவக் கவுன்சில், ஊழல் குற்றச்சாட்டுகளுக்கு இடையே 2010-இல் அவசரச் சட்டத்தால் கலைக்கப்பட்டது. பல மாறுதல்களுக்குப் பின் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய மருத்துவ ஆணையம் ஏற்பட்டு, 2020 செப்டம்பர் 25 முதல் நடைபெறுகிறது. அச்சட்டத்தில் நாம் மேலே கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இடம் உண்டு. ஆணையத்தின் தலைவரும் உறுப்பினர்களும் பதவி ஏற்கும்போதும் விலகும்போதும் தம் சொத்து விவரத்தை அறிவிக்க வேண்டும்; தொழில் முறையிலும் வாணிப முறையிலும் தமக்குள்ள தொடர்புகளையும் அறிவிக்க வேண்டும்; அவை பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட வேண்டும். பதவி விலகியபின் இரண்டு ஆண்டுகளுக்கு, தாம் நேராகவோ சுற்றுவழியாகவோ கையாண்ட விவகாரத்துக்குரிய தனியார் மருத்துவ நிறுவனம் எதிலும் அவர்கள் வேலை ஏற்கலாகாது. ஆலோசகர், நிபுணர் என்ற பெயரிலும் ஏற்கலாகாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. அமெரிக்கர்கள் விட்டுவிட்ட ஓட்டையை இங்கே அடைத்திருக்கின்றனர் என்று மகிழலாம்.

அடுத்த உட்பிரிவையும் படித்துவிட வேண்டும். மேற்சொன்ன தடை எதுவாயினும், மத்திய அரசாங்கம் அனுமதித்தால் அத்தகைய தனியார் நிறுவனத்தில் தலைவரோ உறுப்பினரோ வேலை ஏற்கலாம் என்று அது கூறுகிறது. எக்காரணத்தால் அனுமதிக்கலாம் என்பது அங்கே எழுதப்படவில்லை. 2003 மே மாதத்தில் ஸ்கல்லியின் கைக்கு வந்ததும் இத்தகைய ஓர் அனுமதித் தாள்தான். அந்த ஆணையத்தின் கல்லூரிகளில் நம் பிள்ளைகளுள் சிலர் பயில்கின்றனர். நன்கொடை என்றும் கட்டணம் என்றும் பெற்றோர் நிலத்தை விற்றுக் கொடுக்கின்றனர். யாருக்கேனும் அத்தகைய அனுமதி கொடுக்கப்பட்டதா, என்ன காரணத்திற்காக என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணம் செலுத்தி எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம்.